"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

திருப்பூர், கோவை, ஈரோட்டுப் பக்கம் தொழில் நடத்துபவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் என்னிடம் வரும் முதல் கேள்வி இதுதான்: "நாங்க இந்தி கத்துக்கணுங்களா?"

பனியன் கம்பெனி, நூற்பாலை, பவுண்டரி, கட்டட வேலை, ஓட்டல் சமையலறை என எங்கும் பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் பிழைக்கப் போகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் என்று 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ரயில் பயணக் கணக்கை வைத்து மதிப்பிட்டது. அதில் ஒரு பங்கு நம் ஊர் ஸ்டேஷனில் இறங்குகிறது. கையில் வேலை இருக்கிறது, செய்ய ஆள் இருக்கிறார். ஆனால் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்று நாள்தோறும் ஒரு தகராறு. அதனால்தான் இந்தக் கேள்வி.

இந்தி கற்றால் கற்றுக்கொள்ளுங்கள், எந்த மொழியும் வீண்போகாது. ஆனால் உங்கள் ஷெட்டில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தி சரளமாகப் பேசும் முதலாளிகளின் ஷெட்டிலும் நடக்கின்றன. வந்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தி தாய்மொழி இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மொழி தெரிந்தாலும் "எனக்குப் புரியவில்லை" என்று முதலாளியிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வராது என்பது.

முதலில் மொழி. ஆலப்புழா போகும் தன்பாத் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து திருப்பூரில் இறங்கும் இளைஞர்களை நாம் மொத்தமாக "இந்திக்காரப் பசங்க" என்கிறோம். அவர்களிடம் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேற்கு பிகாரிலிருந்து வந்தவர் போஜ்புரி என்பார், தர்பங்கா பக்கத்துக்காரர் மைதிலி என்பார், கயா பக்கத்தவர் மகஹி என்பார். மைதிலிக்கு 2003இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்தது. போஜ்புரி இன்னும் வெளியே நிற்கிறது. ஜார்க்கண்டிலிருந்து வருபவர் சந்தாலி பேசுகிறவராக இருக்கலாம். சந்தாலி, இந்தியோடு எந்த உறவும் இல்லாத ஆஸ்ட்ரோ ஆசியக் குடும்பத்து மொழி. அதற்கென்று 'ஒல் சிக்கி' என்ற தனி எழுத்தை 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கினார். ராஞ்சி, கும்லா பக்கத்து உராவ் இளைஞராக இருந்தால் அவருடைய தாய்மொழி குருக். அது தமிழைப் போலவே திராவிட மொழி. ஒடிசாவின் கந்தமால் மலையிலிருந்து வருபவரின் குயி மொழியும் அப்படியே. நீங்கள் பாடுபட்டுப் பேசும் இந்தி, அவருக்கும் பள்ளியில் பாதி, சந்தையில் பாதி கற்ற இரண்டாம் மொழிதான். இரண்டு பேரும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியில் பேசிக்கொண்டு, பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்துப் பிரிகிறீர்கள்.

ஆகவே ஆள் சேர்ந்த அன்றே பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். மாநிலம் மட்டும் போதாது. மாவட்டம், வீட்டில் பேசும் மொழி, எந்த எழுத்தைப் படிக்கத் தெரியும், அல்லது படிக்கவே தெரியாதா என்று எழுதுங்கள். தேவநாகரியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று இருக்கும் கம்பெனிகளைப் பார்க்கிறேன். அங்கே ஒடியா எழுத்து மட்டும் தெரிந்தவரும் இருப்பார், எந்த எழுத்தும் தெரியாதவரும் இருப்பார். இந்த ஒரு கட்டத்தைப் பார்த்தே யாரை யாரோடு ஒரே டேபிளில் உட்கார வைப்பது, புதிதாக வந்தவருக்கு யார் வேலை சொல்லிக் கொடுப்பது என்பதையெல்லாம் முடிவு செய்யலாம்.

அடுத்தது அந்தத் தலையாட்டல். சூப்பர்வைசர் வேகமாக ஏதோ சொல்கிறார், கடைசியில் "புரிஞ்சுதா?" என்கிறார். பையன் தலையாட்டுகிறான். சூப்பர்வைசர் போய்விடுகிறார். அரை மணி கழித்துப் பார்த்தால் வேலை தலைகீழாக நடந்திருக்கிறது. "தலையாட்டிட்டு இப்படிப் பண்றானுங்க, வேணும்னே பண்றானுங்க" என்று புகார்.

வேண்டுமென்று செய்யவில்லை. அவர் வளர்ந்த ஊரில் மாலிக்கிடம் (முதலாளியிடம்), பெரியவர்களிடம் "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்பது எதிர்த்துப் பேசுவதற்குச் சமம். தலையாட்டினால் 'நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, உங்களுக்கு மரியாதை தருகிறேன்' என்று அர்த்தம். நம் கிராமங்களிலும் பண்ணையாரிடம் நின்ற முன் தலைமுறை இப்படித்தான் தலையாட்டியது. இதோடு, புரியவில்லை என்றால் வேலை போய்விடுமோ என்ற பயமும் சேர்கிறது. ஊரில் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவருக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு அவரிடம் இருப்பது ஒரே பதில். வேறு பதில் சொல்ல இடமில்லாத கேள்வியைக் கேட்பதை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதில் என்ன செய்வது? செய்து காட்டுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏற்றுமதிக் கம்பெனிகளில் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைகிறது. விதி என்ன? மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். எல்லாத் துண்டும் சேர்ந்து ஒரு முழு ஊசியாகிறதா என்று பொருத்திப் பார்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டுத் துணி முழுவதையும் ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைகள் போடும் பனியனுக்குள் ஊசி முனை போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதெல்லாம் தெரியாமல் புதிதாக வந்த பையன் என்ன செய்வான்? ஊசியை உடைத்துவிட்டோமே, சம்பளத்தில் பிடிப்பார்களே என்று பயந்து, துண்டைக் காலால் தள்ளிவிட்டு, பக்கத்து டெய்லரிடம் ஓர் ஊசி வாங்கிப் போட்டுக்கொள்வான்.

இதை வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய ஊசி ஒன்றை அவர் கண்ணெதிரில் மூன்று துண்டாக உடையுங்கள். இரண்டு துண்டை மேஜையில் வையுங்கள், ஒன்றைத் துணிக்குள் சொருகுங்கள். நீங்களே தேடுங்கள், துணியை உதறி, காந்தத்தால் தடவி எடுங்கள். மூன்றையும் பொருத்திக் காட்டுங்கள். பதிவேட்டில் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு புது ஊசியைச் சிரித்த முகத்தோடு கொடுங்கள். கடைசியில் சொன்ன அந்தச் சிரித்த முகம் இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி, ஊசி உடைந்ததற்குத் தண்டனை இல்லை, மறைத்தால்தான் ஆபத்து என்பதை அது சொல்கிறது. இப்போது இன்னோர் ஊசியை உடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். அவர் முழுவதையும் செய்யட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் அவருக்குப் புரியவில்லை. பத்து நிமிடம் ஆகும். மறுநாள் காலையில் இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள்.

தீ பிடித்தால் எந்த வழியில் ஓடுவது, மெயின் ஸ்விட்ச் எங்கே, பாய்லர் பக்கம் எதைத் தொடக்கூடாது, கட்டிங் மெஷினில் இரும்புக் கையுறையை ஏன் கழற்றக்கூடாது என்பதையும் இதே முறையில் சொல்லிக் கொடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட எதையும் மொழிபெயர்ப்பை நம்பி விடாதீர்கள்.

சம்பளப் பேச்சில் நடக்கும் குழப்பம் வேறு வகை. இங்கே பாதிப் பழி நம்முடையது. திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்: காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. ஜார்க்கண்ட் கிராமத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள், அவ்வளவுதான். ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஷிப்டுக்கு 750, மாதம் 26 நாளுக்கு 19,500. ஏஜென்ட் ஊரில் சொன்ன தொகை இந்த 19,500. பையன் வந்து சேர்ந்த மாதம் ஆர்டர் குறைவு, ஒரு ஷிப்ட் மட்டும் ஓடுகிறது. கைக்கு வருவது 13,000. அதிலும் பி.எஃப். 12 சதவீதம் என்றால் 1,560 ரூபாய் போகும். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் தனி. ரூம் வாடகை, மெஸ் பணம் தனி. அவர் மனசில் என்ன ஓடும்? ஏமாற்றிவிட்டார்கள். முதலாளி மனசில்? சட்டப்படி எல்லாம் கட்டியும் நன்றி இல்லை. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஏஜென்ட் மட்டும் பாதி உண்மை சொன்னார்.

சேருகிற நாளில் ஒரே ஒரு தாள் போதும். வார்த்தை குறைவாக, எண் நிறைய. கடிகாரப் படம் இரண்டு: எட்டரை முதல் ஐந்தரை வரை ஒன்று, எட்டரை முதல் எட்டரை வரை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய். கீழே பிடித்தங்கள் ஒவ்வொன்றும் தனி வரியாக. பி.எஃப். வரிக்குப் பக்கத்தில், அந்தப் பணம் அவர் பெயரில்தான் சேர்கிறது என்பதை அவருடைய போனிலேயே திறந்து காட்டுங்கள், யு.ஏ.என். எண் இருந்தால் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அந்தக் கணக்கு கூடவே வரும். எண்களை 1, 2, 3 என்றே எழுதுங்கள், வாயால் சொல்லி விடாதீர்கள். வாரச் சம்பளம் போடும் சனிக்கிழமைகளில் அதே தாளை வைத்தே கணக்குச் சொல்லுங்கள். மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டமே, ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும், கூலி விவரம் தொழிலாளியின் மொழியில் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லியது. அந்த பாஸ்புக் எத்தனை தொழிலாளிகளின் கைக்குப் போனது என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஏஜென்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காண்ட்ராக்டர், சர்தார், மேஸ்திரி என்று பெயர் எதுவானாலும், பெரும்பாலான கம்பெனிகளில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பவர் அவர்தான். அவருக்கு இருபுறமும் கமிஷன் இருக்கலாம், ஊரில் கொடுத்த முன்பணம் இருக்கலாம். சம்பளக் குறை, உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும், சூப்பர்வைசர் கை ஓங்கினார் என்பது போன்ற பேச்சு அவர் வழியாக உங்களிடம் வந்து சேரும் என்று எதிர்பார்க்கவே முடியாது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு லாபநஷ்டம் உள்ள விஷயத்தில் அவரே வாயாக இருக்கக்கூடாது. ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு பேரையாவது, ஏஜென்டுக்கு உறவில்லாதவர்களாக, நாலைந்து ஆண்டு இங்கே இருந்து தமிழ் பழகியவர்களாகத் தேர்ந்தெடுங்கள். அந்த வேலைக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். "ஏம்ப்பா, கொஞ்சம் இவன்கிட்டச் சொல்லேன்" என்று மெஷினிலிருந்து எழுப்பி இலவசமாக வேலை வாங்குவதால், பீஸ் ரேட்டில் இருக்கும் அந்த டெய்லருக்குத்தான் நஷ்டம். அவசரமாக அரைகுறையாகச் சொல்லிவிட்டு அவர் தன் மெஷினுக்கு ஓடுவார்.

பெண் தொழிலாளிகள் இருந்தால் அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து நூற்பாலை ஹாஸ்டல்களில் தங்கியிருக்கும் இளம்பெண்கள், மாதவிலக்கு வலியையோ ஒருவனின் தொந்தரவையோ ஓர் ஆண் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்ல மாட்டார்கள். வலியைச் சகித்துக்கொண்டு நிற்பார்கள், ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவார்கள். "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

மொபைல் மொழிபெயர்ப்பு பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் 2020இல் ஒடியாவும், 2022இல் போஜ்புரி, மைதிலி, அசாமியும் சேர்ந்தன. மத்திய அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான பாஷினி 2022இல் வந்தது. பயன்படுத்துங்கள், ஆனால் கொங்குத் தமிழில் பேசாதீர்கள். "அந்த லாட்ட மொதல்ல முடிச்சுப்போட்டு அப்பறம் இத எடுத்துக்கோணும்" என்றால் எந்தச் செயலியும் தடுமாறும். "சிவப்புத் துணியை முதலில் தையுங்கள். பிறகு நீலத் துணியைத் தையுங்கள்" என்று பள்ளிப் பாடம் போல, ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. வந்த மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்து மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். விஷயம் மாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். எல்லா மொழிக்கும் குரல் வசதி இல்லாததால் படிக்கத் தெரியாதவருக்கு இது உதவாது. அவர்களுக்கு, நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த இருவரின் குரலில் ஷிப்ட் நேரம், ரூம் விதிகள், சம்பளக் கணக்கு, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதை வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் அதையே அனுப்பலாம். தன் ஊர்ப் பேச்சில் ஒரு குரல் கேட்டதும் அந்த முகம் தெளிவதை நீங்களே பார்ப்பீர்கள்.

சூப்பர்வைசர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. புரியாதவரிடம் சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்ற பழக்கத்தை நிறுத்த வேண்டும். சத்தம் கோபமாகவே போய்ச் சேரும். கோபத்தைக் கண்டவர் இன்னும் வேகமாகத் தலையாட்டுவார். அதேபோல, நாம் பேசும் தமிழைத்தான் அவர் கற்கிறார். "வாடா, போடா, எடுடா" என்று ஆறு மாதம் கேட்டவர், ஏழாவது மாதம் டீக்கடையில் ஒரு பெரியவரைப் பார்த்து "நீ தள்ளு" என்பார். பெரியவருக்கு முகம் சுருங்கும், பக்கத்தில் இருப்பவர் சட்டையைப் பிடிப்பார். அந்தப் பையனுக்கு என்ன தப்பு நடந்தது என்றே தெரியாது. முதல் நாளிலிருந்தே "வாங்க, உக்காருங்க, எடுத்துக்கங்க" என்று பேசினால் அவர் வாயிலும் அதுதான் வரும். கொங்கு நாட்டு மரியாதையை நாமே அவர்களிடம் காட்டாவிட்டால் அவர்கள் வேறெங்கே கற்பார்கள்? பேர் தெரியாதவரை "ஹே, பையா" என்று அழைப்பதும், முதுகுக்குப் பின்னால் 'வடக்கன்' என்பதும் அவர்களுக்கு நன்றாகப் புரிகின்றன. பெயரைக் கேளுங்கள், சரியாகச் சொல்லிப் பழகுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு வரி போதும்: கடுகெண்ணெயும் கோதுமை மாவும் வாங்கிக் கொடுத்து, அவர்களே சமைக்க ஓர் அடுப்பும் கொடுத்தால் மெஸ் தகராறு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

லீவு விஷயம் அப்படிச் சுலபமில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் கம்பெனியை மூடுகிறோம், பொங்கலுக்கு மூடுகிறோம். பிகார்க்காரருக்கு உயிரான பண்டிகை, தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜை. வீட்டுப் பெண்கள் சுமார் 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்து, ஆற்றில் நின்று மறையும் சூரியனுக்கும் உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம் விடுவார்கள். அம்மா நோன்பிருக்கும்போது மகன் இல்லாமல் இருப்பதா? நாம் கம்பெனியைத் திறக்கும் நேரத்தில்தான் அவர்களுக்குப் பண்டிகையே தொடங்குகிறது. மேற்கு ஒடிசாக்காரருக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வரும் நுவாகாய், புது நெல்லைச் சாமிக்குப் படைக்கும் நாள். அசாம்காரருக்கு ஏப்ரல் நடுவில் பிஹு. லீவு கேட்டால் கிடைக்காது, கேட்டபின் போனால் சம்பளத்தை நிறுத்திவைப்பார்கள் என்று அனுபவம் சொல்லிக் கொடுத்திருப்பதால் கேட்காமலே போகிறார்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஒரு காலண்டரில் இந்தப் பண்டிகைகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் 70 நாள் முன்பே யார் யார் போகிறீர்கள், என்று திரும்புகிறீர்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள். போக, வர இரண்டு டிக்கெட்டையும் நீங்களே போட்டுக் கொடுங்கள்.

2023 மார்ச் மாதத்தை இங்கே நினைவுபடுத்தியாக வேண்டும். தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவின. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. வழக்கம்போல் ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டம் ஸ்டேஷனில் நின்றது. அந்தக் கூட்டத்தையே படம் பிடித்து, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று பரப்பினார்கள். அதைப் பார்த்து உண்மையிலேயே பயந்து கிளம்பியவர்களும் உண்டு. தமிழ்நாடு காவல்துறை இந்தியில் விளக்கம் வெளியிட்டது, பிகார் அரசு ஒரு குழுவை அனுப்பிப் பார்வையிட்டது, வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. கம்பெனிகளுக்குள் என்ன நடந்தது? தொழிலாளிகளோடு தினமும் பேசிப் பழகிய இடங்களில், "அண்ணா, இது உண்மையா?" என்று அவர்களே போனைக் கொண்டுவந்து காட்டினார்கள். பேச்சே இல்லாத இடங்களில் இரவோடு இரவாக அறைகள் காலியாயின. அப்படிப்பட்ட நாளில் புதிதாகப் பேசத் தொடங்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். மாதம் ஒருமுறையாவது, வேலை நேரத்திலேயே, சம்பளம் வெட்டாமல், எல்லா மொழிக்காரர்களோடும் உட்காருங்கள். தொழிலாளியின் வீட்டில் ஒருவருடைய போன் நம்பரை வாங்கி வையுங்கள், உங்கள் நம்பரையும் அந்த வீட்டுக்குக் கொடுங்கள். ஊரில் அம்மாவுக்கு வதந்தி போய்ச் சேர்ந்தால் அவர் அழைத்துக் கேட்க உங்கள் கம்பெனியில் ஒரு குரல் இருக்க வேண்டும்.

உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இந்த மொழிச் சிக்கல் உயிரோடு விளையாடுகிறது. கம்பெனிக்காரர்களும் மருத்துவமனைகளில் வேலை செய்வோரும் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். உடன் போகிறவர், "காய்ச்சலுங்க, டாக்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். மருத்துவருக்கு முதலில் சொல்ல வேண்டியது எந்த மாவட்டத்துக்காரர், ஊருக்குப் போய் என்று திரும்பினார் என்பதை. ஒடிசா, ஜார்க்கண்ட் மலைப் பகுதிகளில் மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் மலேரியா உண்டு. நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்குவோ டைபாய்டோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள். போன வாரம்தான் ஊரிலிருந்து வந்தார் என்ற ஒரு தகவலால் மலேரியா ரத்தப் பரிசோதனை அன்றே நடக்கும். அதேபோல், அந்தப் பகுதிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் கணிசமாக இருக்கிறது. கைகால் மூட்டில், முதுகில் தாங்க முடியாத வலி திடீரென்று வரும். வெளியே பார்த்தால் பெரும்பாலும் வீக்கமோ காயமோ இருக்காது. "வேலைக்கு டிமிக்கி கொடுக்கறான்" என்று சூப்பர்வைசர் நினைப்பார். இதற்கான தேசிய ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. பரிசோதனை செய்தவர்களுக்கு அட்டை தரப்படுகிறது. அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் போட்டோ எடுத்துப் பதிவேட்டில் வையுங்கள்.

மருத்துவமனையில் நர்ஸ் அக்காக்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியின் எட்டு வயதுப் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்துத் தமிழ் பேசுகிறது என்பதால் அதையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மா தன் உதிரப்போக்கைப் பற்றிப் பிள்ளை வாயால் சொல்ல மாட்டாள். பிள்ளையும் கேட்கக் கூடாததைக் கேட்டுப் பயந்து நிற்கும். வலி எங்கே என்றால் உடம்புப் படத்தைக் காட்டித் தொடச் சொல்லுங்கள். எத்தனை நாளாக என்றால் காலண்டரை நீட்டுங்கள். மாத்திரை உறையின் மேல் உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா வரைந்து, அடியில் சோற்றுத் தட்டு போடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் மாத்திரையைத் தட்டுக்கு இடப்பக்கமும், பின்னால் என்றால் வலப்பக்கமும். பிறகு உறையை அவர் கையில் கொடுத்து, இன்று இரவு எதை எடுப்பீர்கள் என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இங்கேயும் "புரிஞ்சுதா?" வேண்டாம்.

கடைசியாகத் தமிழ் வகுப்பு. கேரளம் இதில் முன்னால் போய்விட்டது. அங்கே எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்ற திட்டத்தில், 'ஹமாரி மலையாளம்' என்ற தனிப் பாடநூல் போட்டுத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 'ரோஷ்னி' என்று அவர்களுடைய பிள்ளைகளுக்கான திட்டம் 2017இல் தொடங்கியது. இவ்வளவு பெரிய ஏற்பாடு உங்களால் முடியாது, தேவையும் இல்லை. நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு செக்கிங் அக்கா, ஞாயிறு விடுமுறையைக் கெடுக்காமல் வார நாளில் வேலை நேரத்துக்குள் அரை மணி, கையில் துணியும் நூலும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும். பெரும்பாலானவர்கள் நிறம், எண், மெஷின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். அவை முதலாளிக்குத் தேவையான சொற்கள், அவற்றைத் தொழிலாளிகள் எப்படியும் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். தொழிலாளிக்குத் தேவையான சொற்களை முதல் நாளே கொடுங்கள்: "புரியலைங்க", "திரும்பச் சொல்லுங்க", "வலிக்குது", "நிறுத்துங்க", "வேண்டாங்க", "டாக்டர்கிட்டப் போகணும்". ஒவ்வொன்றையும் அவர் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். அந்த வகுப்பில் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.